சிலந்தி கடித்தால்… வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காலையில் எழுந்தபோது முன்கையில் சிவப்பாக ஒரு கட்டி. மறுநாள் நடுவில் சீழ் வைத்துவிட்டது. எதுவும் கடித்ததாக ஞாபகமில்லை. சிலந்திக் கடியாக இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. கடித்த சிலந்தியைக் கண்ணால் பார்க்காதவரை, காயத்தை மட்டும் வைத்து மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு பல் பதிந்த தடம் இருக்கும் என்பதை நம்ப வேண்டாம். பல கடிகளில் அது தெரிவதே இல்லை.

நீங்கள் சொல்வது ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியால் வந்த சீழ்க்கட்டி போலத்தான் படுகிறது. சதையை அழிக்கும் நச்சு உள்ள சிலந்தி என்றால் அது பிரவுன் ரெக்லூஸும் அதன் இனத்தவையும்தான். அது கடித்த இடம் வேறு மாதிரி இருக்கும். கடிக்கும்போது வலியே தெரியாமல் போகலாம். 2 முதல் 8 மணி நேரத்துக்குள் வலி ஏறும். நடுப்பகுதி வெளிறியோ நீலம் பாரித்தோ இருக்கும், சுற்றிலும் சிவக்கும். புண் உப்பாமல் தட்டையாக, சற்றே குழிந்து, உலர்ந்து கிடக்கும். முதல் வாரத்திலேயே புடைத்துச் சீழ் வைத்தால் சிலந்தியை விட்டுவிட்டுக் கிருமியைத் தேடுங்கள்.

வரிசையாக மூன்று நான்கு தடிப்பு இருந்தால் மூட்டைப்பூச்சி அல்லது தெள்ளுப்பூச்சி. கோடு இழுத்தாற்போல் எரியும் கொப்புளம் என்றால், ஆசிட் பூச்சி என்று சொல்லப்படும் சிறு வண்டு தோலில் நசுங்கியிருக்கும். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளம் போட்டால் அக்கி. அதற்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். ‘சிலந்திதானே, தானாகப் போய்விடும்’ என்று காத்திருப்பதில் உள்ள ஆபத்து இதுதான்: பழி சிலந்திக்குப் போகிறது, வைத்தியம் தள்ளிப்போகிறது.

சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் சுற்றி வரைந்து, பக்கத்தில் நேரத்தையும் எழுதிவையுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

கேள்வி: சிலந்தி கடித்ததைப் பார்த்தேவிட்டோம். முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்வது?

கடி கையில் என்றால் வீங்குவதற்கு முன் மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள். பலர் மறப்பது இதைத்தான். பிறகு சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். ஐஸைத் துணியில் சுற்றி 10 நிமிடம் வைத்து, 10 நிமிடம் எடுத்து, மாற்றி மாற்றி ஒற்றுங்கள். ஐஸை நேரடியாகத் தோலில் வைத்தால் அதுவே புண்ணாக்கும். வலிக்குப் பெரியவர்கள் 500 மில்லிகிராம் பாரசிட்டமால் ஒன்றோ இரண்டோ போடலாம். அடுத்ததற்குக் குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். டெட்டனஸ் ஊசி பாக்கி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம். நச்சு அதற்குள் திசுவுக்குள் இறங்கிவிடும். கீறிய இடம் கூடுதல் புண்ணாகும், அவ்வளவுதான். சிலந்தியைத் துரத்திக்கொண்டு இன்னொரு கடி வாங்காமல் தூரத்திலிருந்து படம் எடுங்கள். நசுங்கிப்போயிருந்தாலும் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துச் செல்லலாம்.

கேள்வி: ‘கை கால் முழுக்க இறுக்கிக் கட்டுப் போடு’ என்று ஓரிடத்தில் படித்தேன். ‘கட்டவே கூடாது’ என்கிறது இன்னோரிடம். எது சரி?

இரண்டுமே சரி, சிலந்திதான் வேறு.

கட்டு போட வேண்டியது கிழக்கு ஆஸ்திரேலியாவின் ஃபனல் வெப் சிலந்திக்கு. அதன் நச்சு நிணநீர் வழியே வேகமாகப் பரவும். சில நிமிடங்களிலேயே உதடு மரத்து, நாக்கு துடித்து, எச்சிலும் வியர்வையும் பெருகி, நுரையீரலில் நீர் கோத்துவிடலாம். தசை அசைந்தால்தான் நிணநீர் ஓடும். அதனால் மேலிருந்து அழுத்தி, அசையாமலும் வைத்தால் நச்சு கடித்த இடத்திலேயே தேங்கும். 10 முதல் 15 சென்டிமீட்டர் அகல எலாஸ்டிக் பேண்டேஜை முதலில் கடித்த இடத்தின் மேல் சுற்றுங்கள். அடுத்ததை விரல் நுனிக்குச் சற்று மேலிருந்து தொடங்கி, கை அல்லது கால் முழுவதும் மேல்நோக்கிச் சுற்றுங்கள். சுளுக்குக்குக் கட்டும் அளவு இறுக்கம் போதும். விரல் நீலமாகிச் சில்லிட்டால் இறுக்கம் அதிகம். பிறகு ஒரு கட்டையை வைத்துக் கட்டி, ஆளைப் படுக்க வையுங்கள். ‘நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்’ என்று கிளம்பினால் கட்டியதெல்லாம் வீண். விஷமுறிவு மருந்து கையில் தயாராகும்வரை பேண்டேஜை அவிழ்க்கக் கூடாது, அவிழ்த்தால் தேங்கிய நச்சு ஒரேயடியாகப் பாயும்.

ஆஸ்திரேலிய மருத்துவ ஆய்வாளர் ஸ்ட்ரூவன் சதர்லண்ட் உருவாக்கிய விஷமுறிவு மருந்து 1981-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்குமுன் 13 உயிர்களைப் பறித்த இந்தச் சிலந்திக்கு அதன்பின் யாரும் பலியானதாகப் பதிவில்லை.

ரெட்பேக் (முதுகில் சிவப்புப் பட்டை உள்ள ஆஸ்திரேலியச் சிலந்தி), அதன் உறவான பிளாக் விடோ, ரெக்லூஸ் கடிகளுக்குக் கட்டு வேண்டாம். முதல் இரண்டின் நச்சு மெதுவாகவே பரவும், கட்டினால் வலி தாங்க முடியாது. ரெக்லூஸ் நச்சைக் கட்டி ஓரிடத்தில் தேக்கினால், அழிவதும் அந்த இடத்துச் சதைதான்.

கேள்வி: பிளாக் விடோ கடித்தது காலில், வலியோ வயிற்றில் என்கிறார்களே, எப்படி?

அதன் நச்சிலுள்ள லாட்ரோடாக்சின் நரம்பு நுனிகளைத் திறந்துவிட்டு, சேமித்து வைத்த வேதிப்பொருள் மொத்தத்தையும் கொட்டச் செய்கிறது. கட்டளை ஓயாமல் வருவதால் தசைகள் பிடித்துக்கொள்ளும். கடித்தபோது ஊசி குத்தியது போல இருந்தது, ஒரு மணி நேரத்துக்குள் தொடைக்கும் வயிற்றுக்கும் முதுகுக்கும் ஏறும். வயிறு பலகை போல இறுகும். குடல்வால் அழற்சி என்று தவறாக நினைத்துவிட வாய்ப்புண்டு என்பதால் கடித்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வியர்வை, ரத்தக்கொதிப்பு, குமட்டலும் சேரும். வலி ஓரிரு நாள் நீடிக்கலாம், உயிரிழப்பு மிக அரிது. குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ரெக்லூஸ் கடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை: சிறுநீர் கறுத்துப் போனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைகின்றன என்று பொருள். புண் சிறியதாக இருந்தாலும் உடனே கிளம்புங்கள்.

கேள்வி: வீட்டு மூலையில் நீளக் கால்களோடு தொங்கும் மெல்லிய சிலந்திக்குத்தான் உலகிலேயே கொடிய விஷமாமே?

இல்லை. அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. கடித்தாலும் லேசாக எரியும், அடங்கிவிடும். ரெட்பேக்கையே வலையில் சுற்றித் தின்னும் இனம் அது, இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: வளர்ப்பு டாரன்டுலாவின் (உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த பெரிய சிலந்தி) கூண்டைச் சுத்தம் செய்ததிலிருந்து கண் உறுத்துகிறது. கடிக்கவில்லை.

கடித்திருந்தால்கூட இவ்வளவு கவலை இல்லை. அமெரிக்கக் கண்டங்களின் டாரன்டுலாக்களில் பல, வயிற்றிலுள்ள முள்மயிரைப் பின்னங்காலால் உதறிவிடும். கண்ணைத் தேய்த்தால் அந்த மயிர் கருவிழிக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். சுத்தமான தண்ணீரால் 15 நிமிடம் கழுவிவிட்டு இன்றே கண் மருத்துவரிடம் போங்கள், டாரன்டுலா மயிர் என்று சொல்லுங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாது, உருப்பெருக்கிக் கருவியில்தான் தெரியும். தோலில் பட்டிருந்தால் செலோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்து எடுங்கள். உதிர்ந்த சட்டையிலும் கூண்டு மண்ணிலும் அந்த மயிர் கிடக்கும், எனவே அடுத்த முறை கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு மூடியைத் திறங்கள்.