ஒரே பைபிளைக் காட்டி அடிமை முறையை ஆதரிக்கவும் எதிர்க்கவும் எப்படி முடிந்தது?

இந்தக் கேள்விக்கு, பைபிளை வேதமாக ஏற்று வளர்ந்தவன் என்ற நிலையிலிருந்தே பதில் எழுதுகிறேன்.

ஓய்வுநாள் பள்ளியில் நான் மனப்பாடம் செய்த எபேசியர் 6:5, "வேலைக்காரரே" என்று தொடங்கி, எஜமான்களுக்குப் பயத்தோடும் நடுக்கத்தோடும் கீழ்ப்படியச் சொல்கிறது. கிரேக்க மூலத்தில் அவ்விடத்தில் நிற்கும் 'தூலோஸ்' என்ற சொல்லுக்கு அடிமை என்பதே பொருள் என்று கல்லூரி நாட்களில்தான் அறிந்தேன். கூலி வாங்கும் ஒருவரை மனத்தில் வைத்து நான் ஒப்பித்த வசனம், விலைக்கு வாங்கப்பட்ட மனிதரிடம் சொல்லப்பட்டது என்று தெரிந்தபோது உண்டான கலக்கம் இன்னும் தீரவில்லை. ஆகவே, பைபிளில் அடிமை முறைக்கு இடமே இல்லை என்று வாதிடுவோருடன் என்னால் உடன்பட இயலாது.

அதே நூலில்தான், எஜமானிடமிருந்து தப்பி வந்தவனைத் திரும்ப ஒப்படைக்கக் கூடாது என்று உபாகமம் 23ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது; ஒநேசிமு என்ற அடிமையை இனி அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி அவனுடைய எஜமான் பிலேமோனுக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதுகிறார். நோவாவின் மகன் காமின் வழியினர், அடிமைகளாகச் சபிக்கப்பட்டவர்கள் என்று ஆப்பிரிக்கர்மேல் சுமத்தப்பட்ட 'காமின் சாபம்' வேதத்தில் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்: நோவா சபித்தது காமை அல்ல, அவன் மகன் கானானை, தோலின் நிறத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் கிடையாது.

எந்த வசனம் யார் கையில் கிடைத்தது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருப்பதாக நான் கருதுகிறேன். பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று 1807ஆம் ஆண்டு லண்டனில் ஒரு சுருக்கப் பைபிள் அச்சிடப்பட்டது. 1,189 அதிகாரங்களில் 232 மட்டுமே அதில் இருந்தன. யோசேப்பு எகிப்தில் அடிமையாக விற்கப்பட்ட கதை சேர்க்கப்பட்டது. இஸ்ரவேலர் எகிப்தைவிட்டு விடுதலையாகி வெளியேறிய கதை நீக்கப்பட்டது. 'அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை' என்னும் கலாத்தியர் 3:28 நீக்கப்பட்டது. எபேசியர் 6:5 நீக்கப்படவில்லை. இதைவிடத் தெளிவான ஒப்புதல் வாக்குமூலம் வேறு தேவையில்லை. முழு நூல் எதைச் செய்யக்கூடும் என்று அஞ்சியவர்கள்தான் அதை வெட்டியிருக்கிறார்கள்.

அதே 1807இல்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. அதற்காக இருபது ஆண்டுகள் போராடிய நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸை அனைவரும் அறிவர். குவேக்கர்கள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரின் பங்கும் ஓரளவு அறியப்பட்டதே. ஆயினும் இந்த வரலாற்றை நல்மனம் படைத்த ஆங்கிலேயரின் கதையாக மட்டும் சொல்வது எனக்கு ஏற்புடையதல்ல. பார்படோஸில் கிறிஸ்தவ மிஷன் சங்கம் ஒன்றே கரும்புத் தோட்டமும் அடிமைகளும் வைத்திருந்தது. அந்த அடிமைகளின் மார்பில் 'சங்கம்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் சூட்டுக்கோலால் பொறிக்கப்பட்டது. இங்கிலாந்துத் திருச்சபை 2006ஆம் ஆண்டுதான் இதற்கெல்லாம் மன்னிப்புக் கோரியது.

நான் முதலில் சொல்ல விரும்பும் பெயர் சாமுவேல் ஷார்ப். ஜமைக்காவில் அடிமையாகவும் பாப்டிஸ்ட் சபையின் டீக்கனாகவும் (சபை ஊழியராகவும்) இருந்த அவர், எழுத்தறிந்தவர். "இரண்டு எஜமான்களுக்கு ஊழியஞ்செய்ய ஒருவனாலும் கூடாது" என்ற இயேசுவின் சொல்லை எடுத்துக்காட்டி, 1831 கிறிஸ்துமஸுக்குப் பின் கூலி தராவிட்டால் எவரும் வேலைக்குத் திரும்பக் கூடாது என்று இரகசிய ஜெபக்கூட்டங்களில் உறுதி வாங்கினார். வேலைநிறுத்தமாகத் திட்டமிட்டது கிளர்ச்சியாகப் பரவியது. 300க்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. தோட்ட முதலாளிகளின் ஆட்கள் பாப்டிஸ்ட் ஜெபாலயங்களை இடித்தார்கள். அடிமையாக வாழ்வதைவிட அந்தத் தூக்குமரத்தில் சாவதே மேல் என்று சிறையில் தம்மைச் சந்தித்த மிஷனரியிடம் கூறிய ஷார்ப், 1832 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. உடைமையாளர்களுக்கு இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கப்பட்டது; உழைத்தவர்களுக்கு ஒன்றுமில்லை.

முழு விடுதலை 1838 ஆகஸ்ட் 1ஆம் நாள் வந்தது. அதற்கு முந்தைய இரவு ஜமைக்காவின் ஃபால்மத் நகர பாப்டிஸ்ட் சபையார், மிஷனரி வில்லியம் நிப்புடன் நள்ளிரவுவரை ஜெபத்தில் காத்திருந்து, ஒரு சங்கிலியையும் ஒரு சாட்டையையும் ஒரு கழுத்து வளையத்தையும் சவப்பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள்.