கேட்டுவிட்டு எழுதுங்கள்: ஊனமும் சித்திரிப்பும் பற்றி உங்கள் கேள்விகள்

எனக்கு 17 வயதில் பார்வை போனது. இன்று, கதைகளிலும் நாடகப் பிரதிகளிலும் திரைக்கதைகளிலும் வரும் ஊனமுற்ற பாத்திரங்களைப் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்வது என் வேலைகளில் ஒன்று. இதைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய பேர் கேட்டீர்கள். எனக்கு நேரடி அனுபவம் இல்லாத ஊனங்களைப் பற்றி, அந்தந்த நண்பர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மாற்றுத்திறனாளி, ஊனமுற்றவர், சிறப்புக் குழந்தை... எதைச் சொன்னால் சரி அக்கா? தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் பேசாமலே இருந்துவிடுகிறேன்.

பயப்படாதீர்கள். தவறாகச் சொன்னால் திருத்திவிட்டுப் பேச்சைத் தொடரலாம். நீங்கள் பேசாமல் ஒதுங்கினால்தான் எங்களுக்கு நஷ்டம். 'மாற்றுத்திறனாளி' அரசு ஆவணங்களிலும் பத்திரிகைகளிலும் நிலைத்துவிட்ட, மரியாதையான சொல். ஆனால் எனக்குத் தெரிந்த பலர் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. "கண் தெரியாவிட்டால் அதற்குப் பதிலாக இன்னொரு திறமை இருந்தே ஆகவேண்டுமா?" என்று ஒரு தோழி கேட்பாள். அது நியாயமான கேள்வி. நான் 'ஊனம்' என்று சொல்லத் தயங்குவதில்லை. முடிந்தவரை குறிப்பாகச் சொல்லுங்கள்: பார்வையற்றவர், காது கேளாதவர், சக்கர நாற்காலி பயன்படுத்துபவர், ஆட்டிசம் உள்ளவர். எதிரில் இருப்பவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அதையே நீங்களும் சொன்னால் போதும்.

'சக்கர நாற்காலியில் முடங்கிப்போனார்' என்று செய்திகளில் எழுதுகிறார்கள். நாற்காலி வருவதற்கு முன்புதான் அவர் முடங்கிக் கிடந்தார். அது வந்த பிறகு வேலைக்குப் போகிறார், கடைக்குப் போகிறார். 'ஊமை' என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். சைகை மொழி பேசுகிறவருக்கு இலக்கணத்தோடு கூடிய மொழி இருக்கிறது. 'நொண்டிச் சாக்கு', 'குருட்டு நம்பிக்கை', 'செவிடன் காதில் ஊதிய சங்கு' எல்லாம் நம் நாக்கில் ஊறியவை, என் நாக்கிலும்தான். ஆனால் எழுதும்போது நிறுத்தி யோசிக்க நேரம் இருக்கிறது. 'சப்பைச் சாக்கு', 'மூட நம்பிக்கை' என்று மாற்றினால் வாக்கியத்துக்கு ஒரு குறையும் வராது.

கேள்வி: நான் எழுதும் நாவலில் நாயகி பார்வையற்றவள். எனக்குப் பார்வையற்ற நண்பர்கள் யாரும் இல்லை. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முதலில், அவள் யார் முகத்தையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டாம். இத்தனை வருடத்தில் நான் ஒருவரையும் அப்படி அடையாளம் கண்டதில்லை. குரல், நடை, செருப்புச் சத்தம், வாசலில் நிற்கும்போது விடும் மூச்சு, இவை போதும். பார்வையற்றவர் என்றால் எல்லோருக்கும் முழு இருட்டு என்றும் நினைக்காதீர்கள். பெரும்பாலோருக்கு வெளிச்சமோ நிழலோ அசைவோ ஓரளவு தெரியும். உங்கள் நாயகிக்கு எவ்வளவு தெரியும், எப்போதிலிருந்து தெரியவில்லை என்று எழுதுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள் கனவில் நிறங்களைக் கண்டதாக எழுதிய ஒரு பிரதியை நான் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

வெள்ளைக் கோலைக் கையில் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அந்தக் கோலில்தான் எத்தனை இருக்கிறது! முனை தரையைத் தட்டும் ஓசை சிமென்ட்டில் ஒரு மாதிரி, மரத்தில் ஒரு மாதிரி. சுவரோரமாக நடந்துகொண்டே திறந்த கதவு ஒன்றைத் தாண்டினால், அந்தப் பக்கம் மட்டும் ஓசை சட்டென்று விரியும். ஓடுகளின் இடுக்கில் முனை சிக்கினால் பிடி வயிற்றில் வந்து இடிக்கும். மழையில் எனக்கு வழி தடுமாறும், ஏனென்றால் மற்ற எல்லா ஓசைகளையும் மழை மூடிவிடும். கதைகளில் மழை வந்தால் பார்வையற்ற பெண் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் எரிச்சலோடு ஒதுங்க இடம் தேடுகிறேன்.

முடிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கதைகளில் இரண்டே முடிவுகள்தான் கிடைக்கின்றன: கடைசி அத்தியாயத்தில் பார்வை திரும்பும், இல்லையென்றால் அவள் செத்துப்போவாள். கண் தெரியாமலே அவள் வேலைக்குப் போகட்டும். கடன் வாங்கட்டும், தங்கையோடு சண்டை போடட்டும், தப்பான ஒருவனைக் காதலித்துவிட்டு மீளட்டும். நாவலை முடிப்பதற்கு முன் பார்வையற்ற பெண்கள் இரண்டு பேரையாவது படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். நட்புக்காகச் செய்துகொடுங்கள் என்று கேட்காதீர்கள்.

கேள்வி: கை இல்லாதவர் படம் வரைவதை, கால் இல்லாதவர் ஓடுவதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே ஊக்கமாக இருக்கிறது. அதைப் பகிர்வதில் என்ன தவறு?

அவர் வரைந்த ஓவியம் பிடித்திருந்தால் ஓவியத்தைப் பற்றி நாலு வரி எழுதிப் பகிருங்கள். நிறம் எப்படி, கோடு எப்படி என்று சொல்லுங்கள். 'இவருக்கே முடிகிறது, உனக்கு என்ன' என்று எழுதும்போதுதான் பிரச்சினை. அந்த வாக்கியத்தில் அவர் மற்றவர்களைத் தட்டி எழுப்பும் கருவியாகிவிடுகிறார்.

ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஸ்டெல்லா யங் 2014இல் சிட்னியில் ஆற்றிய உரையில் இதை விளக்கினார். அவர் சக்கர நாற்காலி பயன்படுத்தியவர். அவருக்கு 15 வயதானபோது சாதனையாளர் விருதுக்குப் பரிந்துரைக்க விரும்புவதாக ஊர்க்காரர் ஒருவர் பெற்றோரிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் அவள் எதுவும் சாதிக்கவில்லையே என்றார்களாம் பெற்றோர். பள்ளிக்குப் போனாள், வீட்டுக்கு வந்தாள், தொலைக்காட்சி பார்த்தாள், அவ்வளவுதான். படிக்கட்டைப் பார்த்து எவ்வளவு சிரித்தாலும் அது சாய்தளமாக மாறாது என்றும் அந்த உரையில் சொன்னார்.

நான் ஒருமுறை சாலையைக் கடந்ததை யாரோ படம்பிடித்து, சோக இசை சேர்த்துப் பரப்பினார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அன்று பல் வைத்தியரிடம் போய்க்கொண்டிருந்தேன்.

கேள்வி: ஊனமுற்ற பாத்திரத்தில் ஊனமுற்றவர்தான் நடிக்க வேண்டுமா? நடிப்பு என்பதே இன்னொருவராக மாறுவதுதானே?

வாய்ப்பு இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் உங்கள் வாதத்தை ஒப்புக்கொள்வேன். இப்போது நிலைமை அப்படி இல்லை. ராணுவப் பயிற்சியில் இரு கைகளையும் இழந்த ஹெரால்ட் ரஸல், 1946இல் வந்த ஒரு படத்தில் போரிலிருந்து திரும்பிய வீரராக நடித்து, அந்த ஒரே வேடத்துக்கு இரண்டு ஆஸ்கர் வாங்கினார். காது கேளாத மார்லி மேட்லினுக்கு 1987இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. காது கேளாத இன்னொருவருக்கு, டிராய் காட்சருக்கு, நடிப்புக்கான ஆஸ்கர் கிடைத்தது 2022இல். நடுவே 35 ஆண்டுகள். அத்தனை காலமும் ஊனமில்லாதவர்கள் ஊனமுற்ற வேடங்களில் நடித்து விருதுகளை வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

கதவு திறந்தாலும் படி இருக்கிறது. அமெரிக்க நாடகத் துறையின் டோனி விருதை 2019இல் வென்றார் நடிகை ஆலி ஸ்ட்ரோக்கர். சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்களில் அதை வென்ற முதல் ஆள் அவர்தான். மற்றவர்களைப் போல இருக்கையிலிருந்து எழுந்து மேடைக்குப் போக அவருக்கு வழி இல்லை, பார்வையாளர் பக்கத்திலிருந்து மேடைக்குச் சாய்தளமே கிடையாது. மேடைக்குப் பின்னாலேயே காத்திருந்து வந்துதான் வாங்கினார்.

ஊனத்தைப் பற்றிய வேடத்துக்கு மட்டும் கூப்பிடுவதும் போதாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஆறில் ஒருவருக்கு, ஏறக்குறைய 130 கோடிப் பேருக்கு, குறிப்பிடத்தக்க ஊனம் இருக்கிறது. கதையில் வரும் வக்கீல், பக்கத்து வீட்டுக்காரர், வங்கி ஊழியர் ஆகியோரில் ஒருவர் காரணமே சொல்லாமல் ஊன்றுகோலோடு வரலாமே.

கேள்வி: அப்படியானால் நகைச்சுவையே கூடாதா?

தாராளமாக இருக்கலாம். இந்திய உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் திரைச் சித்திரிப்பு பற்றிய ஒரு தீர்ப்பில், ஊனத்தைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, ஊனமுற்றவரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு என்று பிரித்துச் சொன்னது. எழுதும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: சிரிப்பு வருவது அவர் தடுமாறுவதாலா, இல்லை அவரை நடத்தத் தெரியாமல் சுற்றியிருப்பவர்கள் தடுமாறுவதாலா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. மூளை முடக்குவாதம். பேச்சு மெதுவாக வரும், ஆனால் எல்லாம் புரியும். எங்கே போனாலும் "பையனுக்கு என்ன வேணும்?" என்று என்னிடமே கேட்கிறார்கள். நானும் பழக்கத்தில் பதில் சொல்லிவிடுகிறேன், அக்கா.

உங்கள் மீது தவறு இல்லை அம்மா. பின்னால் வரிசை நிற்கும், கேட்டவர் அவசரப்படுவார், நீங்கள் முடித்துவைத்துவிடுகிறீர்கள். ஆனால் இதை மாற்றலாம். கேட்டவர் முகத்தைப் பார்க்காமல் மகன் முகத்தைப் பாருங்கள். வேறெதுவும் சொல்ல வேண்டாம். உங்கள் கண் போகும் பக்கம் கேட்டவர் கண்ணும் போகும். இதே நிலையில் வளர்ந்த என் நண்பர் ஒருவருக்கு அவர் அம்மா இதைத்தான் செய்வாராம். அவர் ஒரு சொல்லைச் சொல்லி முடிக்க 10 விநாடி ஆகும். அம்மா பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே காத்திருப்பார், குறுக்கே வாய் திறக்க மாட்டார். நண்பருக்கு இப்போது 40 வயது தாண்டிவிட்டது. அந்த ஜிப் சத்தம்தான் எனக்கு நேரம் இருக்கிறது என்று சொல்லும் என்பார்.

மகனுக்கு எது சரிப்படும் என்பதை அவனிடமே கேளுங்கள். சில நாள் அவனுக்கும் களைப்பாக இருக்கும். அன்று நீங்களே பதில் சொன்னாலும் பரவாயில்லை.

கேள்வி: எங்கள் குழு நாடகம் போடும் அரங்கின் வாசலில் மூன்று படிகள். சாய்தளம் கேட்டால் "அப்படி யாரும் இங்கே வருவதில்லையே" என்கிறது நிர்வாகம். நான் ஒரு ஆள் என்ன செய்ய முடியும்?

படி இருப்பதால்தான் வருவதில்லை. இதை அவர்களுக்கு எழுத்தில் கொடுங்கள், அளவோடு கொடுங்கள். பொதுவான அளவு 1:12, அதாவது 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். மூன்று படி ஏறக்குறைய ஒன்றரை அடி என்றால் 18 அடிச் சாய்தளம் வேண்டும். இதைவிடச் செங்குத்தாகப் போட்டால் ஏறுவது கடினம், நாற்காலி பின்னால் சரியவும் கூடும். சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கும் சேர்த்து நீங்களே பேசிவிடாதீர்கள்.

ஒரு ஆளாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அமெரிக்காவில் 1973இல் வந்த ஒரு சட்டத்தின் 504ஆம் பிரிவு, மத்திய அரசின் பணம் பெறும் எந்த அமைப்பும் ஊனத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்றது. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் விதிமுறைகளில் கையெழுத்துப் போடாமல் அரசு நான்கு ஆண்டுகள் இழுத்தடித்தது. 1977 ஏப்ரல் 5 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊனமுற்றோர் அரசுக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் ஜூடித் ஹியூமன். போலியோவால் சக்கர நாற்காலி பயன்படுத்திய அவரை, 5 வயதில் தீ விபத்து அபாயம் என்று சொல்லிப் பள்ளியில் சேர்க்க மறுத்திருந்தார்கள். உள்ளே தொலைபேசியைத் துண்டித்ததும், காது கேளாதவர்கள் ஜன்னலருகே நின்று சைகை மொழியில் வெளியே செய்தி சொன்னார்கள். கறுப்பினத்தவரின் பிளாக் பாந்தர் கட்சியினர் சூடான சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏப்ரல் 28 அன்று கையெழுத்து விழுந்தது. அந்தச் சாப்பாட்டை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

கேள்வி: நான் போடும் படங்கள் உங்களுக்கும் போய்ச்சேர என்ன செய்ய வேண்டும்?

படத்துக்கு விளக்கம் எழுதுங்கள். நான் பயன்படுத்தும் திரைவாசிப்பான், அதாவது கணினித் திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள், என்விடிஏ (NVDA). மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் 2006இல் தொடங்கியது, இலவசமாகவே கிடைக்கிறது. எழுத்தாக இருந்தால் அது தமிழில் வாசித்துவிடும். விளக்கம் இல்லாத படத்தில் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாண்டிவிடும். அழைப்பிதழைப் படமாக மட்டும் அனுப்பினால் தேதிகூட எனக்குத் தெரியாது. காணொளி என்றால் காது கேளாதவர்களுக்காக வசன வரி போடுங்கள். பேச்சை மட்டும் எழுதினால் போதாது, யார் பேசுகிறார் என்பதும் வேண்டும், கதவு தட்டும் சத்தமும் வேண்டும்.

விளக்கம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. 'அழகான அம்மா' என்று எழுதினால் எனக்கு எதுவும் கிடைக்காது. ஒரு தோழி தன் அம்மாவின் படத்துக்கு இப்படி எழுதியிருந்தாள்: "அம்மா மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார். அறுந்த செருப்பு ஒன்று மடியில். வாரைப் பல்லால் கடித்து இழுக்கிறார். கேமராவைப் பார்க்கவில்லை."