இரத்தம் கொடுக்கலாம், மஜ்ஜைக் கொடையாளராகப் பதியலாமா?

கேள்வி: எனக்கு வயது 23, எடை 48 கிலோ. கல்லூரி முகாமில் ஒருமுறை இரத்தம் கொடுத்துவிட்டு எழுந்தபோது மயக்கம் வந்தது. பக்கத்து வீட்டுச் சிறுவனுக்கு ஏபிளாஸ்டிக் அனீமியா, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தேவைப்படலாம் என்கிறார்கள். நான் மறுபடியும் இரத்தம் கொடுக்கவும், மஜ்ஜைக் கொடையாளராகப் பதியவும் விரும்புகிறேன். "முதுகுத்தண்டில் ஊசி போடுவார்கள், நீ கல்யாணம் ஆக வேண்டிய பெண்" என்று அம்மா தடுக்கிறார். என்ன செய்யலாம்? – வாசகி, திருப்பூர்.

பதில்: நீங்கள் இரண்டையும் செய்யலாம். ஆனால் இரத்த தானம் அன்றே முடிந்துவிடும் உதவி. மஜ்ஜைப் பதிவோ பல ஆண்டுகள் கழித்துக்கூட நிறைவேற்ற வேண்டியிருக்கும் வாக்குறுதி. அதனால் இரண்டுக்கும் வேண்டிய மன ஆயத்தம் வேறு வேறு.

நம் நாட்டு விதிப்படி 18 வயது நிறைந்து, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் 12.5 கிராம் ஹீமோகுளோபினும் இருந்தால் இரத்தம் கொடுக்கலாம். உங்கள் எடைக்கு 350 மில்லிதான் எடுப்பார்கள். முகாமில் உங்களுக்கு வந்த மயக்கம் உடலில் இரத்தம் குறைந்துபோனதற்கு அடையாளம் அன்று. பயம், வெறும் வயிறு, நீர் போதாமை, சட்டென்று எழுவது ஆகியவற்றால் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சிறிது நேரம் தாழ்வதால் வருவது அது. கொட்டாவி, உதட்டின் மேல் வியர்வை, கை சில்லிடுதல் ஆகியவை முன்னறிகுறிகள்; அவற்றை உணர்ந்தவுடன் செவிலியரிடம் சொல்லிவிட வேண்டும். அடுத்த முறை சாப்பிட்டுவிட்டுச் செல்லுங்கள். அரை மணி நேரத்துக்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். முன்பு மயக்கம் வந்ததையும் தெரிவியுங்கள். இழந்த நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஈடாகிவிடும், சிவப்பணுக்களுக்குச் சில வாரங்கள் ஆகும். பெண்கள் நான்கு மாத இடைவெளி விட வேண்டும் என்ற விதி இரும்புச்சத்தைக் காப்பதற்காகத்தான். ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பினால் வருந்தாமல், அதற்கான காரணத்தை மருத்துவரிடம் கண்டறிந்து சரிசெய்துகொள்ளுங்கள்.

அந்தச் சிறுவனின் நோயில் மஜ்ஜை போதிய அணுக்களை உருவாக்குவதில்லை என்பதால், இரத்தக்கசிவைத் தடுக்கும் தட்டணுக்களை அவனுக்கு அடிக்கடி ஏற்ற வேண்டியிருக்கும். இளமஞ்சள் நிறத்தில் இருக்கும் தட்டணுப் பையை இரத்த வங்கியில் இடைவிடாமல் அசையும் தட்டில் வைத்திருப்பார்கள். அப்படியும் அது ஐந்து நாள்தான் தாங்கும். கல்லூரிகள் மூடியிருக்கும் கோடை விடுமுறையில் முகாம்கள் குறைந்துவிடுவதால், அந்த மாதங்களில் நீங்களாக இரத்த வங்கிக்குச் சென்று கொடுப்பது மிகவும் பயன்படும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மாற்று சிகிச்சையை எதிர்நோக்கும் குழந்தைக்கு அதன் பெற்றோர், உடன்பிறந்தோரின் இரத்தத்தை ஏற்றுவதை நாங்கள் தவிர்க்கிறோம். அவர்களுடைய அணுக்களை அவன் உடல் முன்கூட்டியே எதிர்க்கப் பழகிவிட்டால், பிறகு அவர்களிடமிருந்து பெறும் மஜ்ஜையையும் நிராகரித்துவிடக்கூடும். சொந்தம் அல்லாத உங்களைப் போன்றவர்கள் தேவைப்படுவது இதனால்தான்.

மஜ்ஜைப் பதிவுக்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி மாதிரி எடுத்தாலே போதும். பார்ப்பது இரத்தப் பிரிவை அன்று, எச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளத்தை. உடன்பிறந்த ஒருவருடன் அது முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான் உண்டு. இந்த அடையாளம் வம்சாவளியைப் பொறுத்தது என்பதால், நம்மவருக்குப் பொருந்தக்கூடியவர் பெரும்பாலும் நம்மவரிடையேதான் கிடைப்பார். சென்னையில் 2009-இல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவகங்கள் இதற்காகவே இயங்குகின்றன. உங்கள் மாதிரி அந்தச் சிறுவனுக்குப் பொருந்தாமல், முகம் தெரியாத ஒருவருக்குப் பொருந்தலாம். அழைப்பே வராமலும் போகலாம்.

அம்மாவின் அச்சத்துக்கு வருகிறேன். முதுகுத்தண்டை யாரும் தொடுவதில்லை. பெரும்பாலும் ஐந்து நாள் ஊசி போட்டு, இரத்த அணுக்களை உருவாக்கும் குருத்தணுக்களை மஜ்ஜையிலிருந்து இரத்தத்துக்கு வரவழைத்து, கையின் இரத்தக்குழாய் வழியே சில மணி நேரத்தில் இயந்திரம் கொண்டு பிரித்தெடுப்பார்கள். அந்நாள்களில் எலும்பு வலியும் தலைவலியும் இருக்கும், பிறகு தணிந்துவிடும். சிலரிடம் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து மஜ்ஜை எடுப்பதுண்டு. இடுப்பு சில நாள் வலிக்கும், மஜ்ஜை சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். இரண்டு முறைகளாலும் குழந்தைப்பேறு பாதிக்கப்படுவதில்லை; கருவுற்றிருக்கும்போதும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் தானத்தைத் தள்ளிவைப்பார்கள்.

நான் வலியுறுத்துவது ஒன்றைத்தான். கொடையாளர் உறுதியளித்த பின், பழைய மஜ்ஜையை அழிக்கும் மருந்துகளை நோயாளிக்குச் செலுத்தத் தொடங்குகிறோம். அதற்கு மேல் கொடையாளர் பின்வாங்கினால் அந்த உயிரைக் காப்பது மிகக் கடினம். பின்வாங்கும் உரிமை கடைசிவரை உங்களுடையதே என்றாலும், யோசிக்க வேண்டிய காலம் இப்போதுதான். திருமணத்துக்குப் பின் அழைப்பு வந்து, புகுந்த வீட்டார் மறுக்கும் நிலை நேராதிருக்க, அம்மாவை ஒருமுறை இரத்தவியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று அவருடைய கேள்விகளை நேரில் கேட்கச் செய்யுங்கள். வரப்போகும் கணவரிடமும் சொல்லிவிடுங்கள். மனம் உறுதிப்படாவிட்டால் பதிவைத் தள்ளிவைத்துவிட்டு, இரத்தம் மட்டும் தொடர்ந்து கொடுங்கள். பதிந்தபின் கைபேசி எண்ணோ முகவரியோ மாறினால் பதிவகத்துக்கு உடனே தெரிவியுங்கள்.