சூப்பர்ஹீரோ காமிக்ஸ்ல வர்ற ஷாக் எல்லாம் நியாயமா? கேள்வி பதில்

எல்லாருக்கும் வணக்கம். மார்வெல், டிசின்ற ரெண்டு அமெரிக்க கம்பெனியோட காமிக்ஸ், அப்புறம் நம்ம முத்து காமிக்ஸ் லயன் காமிக்ஸ்ல வந்த பிரிட்டிஷ் ஹீரோக்கள், இதுல எது வேணா கேளுங்க. மாங்காவும் சினிமாவும் என் ஏரியா இல்ல. ஸ்பாய்லர் நெறைய வரும், படிக்காதவங்க இப்பவே ஒதுங்கிடுங்க. ஒரே ஒரு வேண்டுகோள்: போன்ல சுத்துற ஒத்தப் பக்கத்த பாத்துட்டு வந்து கேக்காதீங்க, முன்னாடி பத்து இதழ் பின்னாடி பத்து இதழ் படிச்சாதான் ஒரு ட்விஸ்ட் நியாயமா இல்லையான்னு தெரியும்.

முத்தியால்பேட்டை தம்பி: அண்ணா, எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சுன்னா நல்ல ட்விஸ்ட், போடலன்னா மொக்க. இதுக்கு மேல என்ன இருக்கு?

தூக்கிவாரிப் போடறது ரொம்ப சுலபம் தம்பி, யாரையாவது திடீர்னு கொன்னா போதும். அதுக்கு கதை முன்னாடியே உழைச்சிருக்கான்னு பாக்கணும். 1973ல வந்த அமேசிங் ஸ்பைடர்மேன் 121வது இதழ எடுத்துக்க, க்வென் ஸ்டேசி சாவுற கதை, ஜெர்ரி கான்வே எழுதி கில் கேன் வரஞ்சது. ஹீரோவோட காதலி செத்துட்டா, அந்தக் காலத்துல யாருமே எதிர்பாக்கல, அதுலயும் கதையோட தலைப்ப கடைசிப் பக்கத்துலதான் போட்டாங்க, மொதல்லயே போட்டிருந்தா தலைப்பே காட்டிக் குடுத்திருக்கும். ஆனா நான் இத நியாயம்னு சொல்றதுக்கு காரணம் அது இல்ல. வில்லன் கிரீன் காப்ளின்தான் நார்மன் ஆஸ்பார்ன்னு பீட்டருக்கும், பீட்டர்தான் ஸ்பைடர்மேன்னு நார்மனுக்கும் 1966லயே, 39, 40வது இதழ்லயே தெரிஞ்சு போச்சு. அப்புறம் நார்மனுக்கு மறதி வந்து எல்லாம் மறந்துடுச்சு. பீட்டர் என்ன பண்றான், கூட்டாளி ஹாரியோட அப்பாவாச்சேன்னு போலீஸ்ல சொல்லாம விட்டுடறான். நடுவுல ரெண்டுவாட்டி ஞாபகம் திரும்பி வந்து திரும்பவும் போவுது, அப்பவும் விட்டுடறான். ஏழு வருஷமா அந்த ஆபத்து அப்படியே தொங்கிக்கினே இருந்துச்சு, நாமதான் மறந்துட்டோம். அது அறுந்து விழுந்தப்ப க்வென் போயிட்டா.

அதோட முடியல. காப்ளின் தள்ளிவிட்டு பாலத்துலேர்ந்து விழுற க்வென பீட்டர் வலையப் போட்டு புடிக்கறான், புடிச்ச அதே நிமிஷம் கழுத்துகிட்ட சின்னதா ஒரு 'ஸ்னாப்' எழுத்து. கொன்னது காப்ளினா, காப்பாத்தப் போன வலையா? திடீர்னு நின்ன அதிர்ச்சியிலதான் கழுத்து முறிஞ்சுதுன்னு பின்னாடி வாசகர் கடிதப் பகுதியில பதில் சொன்னாங்க. இதுக்கப்புறம் பீட்டர் யார வலையால புடிச்சாலும் நமக்கு பக்குனு இருக்கும். பழைய பக்கங்களோட அர்த்தத்த மாத்தணும், வரப்போற பக்கங்கள்லயும் தழும்பு இருக்கணும், இந்த ரெண்டும் இருந்தா அந்த ட்விஸ்ட் நியாயம்னு நான் சொல்வேன்.

லாஸ்பேட்டை: செத்தவன் எல்லாம் திரும்பி வந்துடறானே சார், அப்புறம் எதுக்கு ஷாக் ஆவணும்?

சாவு நெரந்தரமா இருந்தாதான் கதைக்கு மதிப்புன்னு நான் நெனைக்கல. சூப்பர்மேன் 75வது இதழ், 1992 நவம்பர்ல கடைக்கு வந்துச்சு. சாவப் போறான்னு பேப்பர்லயே நியூஸ் வந்துடுச்சு, அடுத்த வருஷமே திரும்பியும் வந்துட்டான். ஆனா அத எப்படி கட்டுனாங்கன்னு பாருங்க. கடைசி நாலு இதழ்ல மொத இதழ்ல ஒரு பக்கத்துக்கு நாலு பேனல், அதாவது படக் கட்டம், அடுத்ததுல மூணு, அதுக்கடுத்து ரெண்டு, 75வது இதழ்ல பக்கத்துக்கு ஒரே படம். பக்கத்த திருப்பத் திருப்ப மூச்சு முட்டும். முடிவு தெரிஞ்சும் முட்டும். சாவு பொய்யாப் போனாலும், அவன் இல்லாத ஊர் எப்படி இருக்கும்னு அப்புறம் வந்த இறுதி ஊர்வலக் கதைங்க காட்டுச்சு. வந்துடுவான்றதுக்காக அந்த துக்கம் பொய்யாயிடாது.

ஆரியாங்குப்பம்: ஸ்பைடர்மேன் படத்துல அந்த மூணு பேரும் ஒண்ணா வர்ற சீன்...

சினிமா. வேற ஆள கேளுங்க.

மஞ்சக்குப்பம், கடலூர்: நான் பாதியிலயே கண்டுபுடிச்சுட்டேன்னா அந்த ட்விஸ்ட் தோத்துடுச்சுன்னுதானே அர்த்தம்?

இல்லவே இல்ல, கண்டுபுடிக்க முடிஞ்சுதுன்னா ரைட்டர் க்ளூவ நேர்மையா வச்சிருக்காருன்னு அர்த்தம். நம்ம பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுல விடிய விடிய கர்ண மோட்சம் கூத்து நடக்குதே, கர்ணன் குந்தி மகன்னு தெரியாத ஒருத்தர் அந்தக் கூட்டத்துல உண்டா? சாவப் போறான்னும் தெரியும். தெரிஞ்சும் பாட்டி எல்லாம் அழுவுதுங்க. நமக்குத் தெரிஞ்சிருக்கறது முக்கியம் இல்ல, கர்ணனுக்கு அது தெரியவர்ற நேரம் அவனுக்கு என்ன ஆவுதுன்றதுதான் முக்கியம்.

கண்டுபுடிச்சுட்டாங்கன்னு பயந்து ட்விஸ்ட்ட மாத்துனா என்ன ஆவும்ன்றதுக்கு டிசியோட ஆர்மகெடான் 2001 இருக்கு, 1991ல வந்தது. ஹீரோக்கள்ல ஒருத்தன் எதிர்காலத்துல மானார்க்ன்ற கொடுங்கோலனா மாறப் போறான், யார் அதுன்றதுதான் மொத்த சஸ்பென்ஸும். கேப்டன் ஆட்டம்னு போட்டு வச்சிருந்தாங்க, விஷயம் முன்னாடியே வெளிய கசிஞ்சு போச்சு, ஒடனே கடைசி நேரத்துல ஹாக்னு மாத்திட்டாங்க. வச்ச க்ளூ எல்லாம் ஒரு ஆளுக்கு, முகமூடிய கழட்டுனா வேற ஆளு. கண்டுபுடிச்சவங்கள ஏமாத்துறதுக்காக, கதைய நம்பி கூடவே வந்தவனுக்கு துரோகம் பண்ணிட்டாங்க. இத நெனச்சா இப்பவும் கோவம் வருது எனக்கு.

திருப்பாதிரிப்புலியூர்: கேப்டன் அமெரிக்கா 'ஹெய்ல் ஹைட்ரா' சொன்னது நியாயமான ட்விஸ்ட்டுதான்னு நான் அடிச்சுச் சொல்வேன். நீங்க?

நான் இல்லன்னு அடிச்சுச் சொல்வேன். தெரியாதவங்களுக்கு: 2016 மே மாசம், நிக் ஸ்பென்சர் எழுதுன புது மொத இதழ், கடைசிப் பக்கத்துல ஸ்டீவ் ரோஜர்ஸ், அதான் கேப்டன் அமெரிக்கா, 'ஹெய்ல் ஹைட்ரா'ன்றான், ஹைட்ரான்றது அவன் காலமெல்லாம் எதுத்த வில்லன் கூட்டம், சின்ன வயசுலேர்ந்தே அவன் அந்த கூட்டத்து ஆளுன்ற மாதிரி ஃப்ளாஷ்பேக். ரெண்டாவது இதழ்லயே காரணம் வந்துடுச்சு, கோபிக்னு ஒரு சின்னப் பொண்ணு, அண்டத்தையே மாத்தக்கூடிய காஸ்மிக் க்யூப்தான் பொண்ணு உருவத்துல இருக்குது, வில்லன் ரெட் ஸ்கல் அத வச்சு ஸ்டீவோட கடந்த காலத்தையே மாத்தி எழுதிட்டான். அப்போ இது ஸ்டீவ் எடுத்த முடிவே இல்லயே. வெளியிலேர்ந்து ஒரு மந்திரம், ஆளு மாறிட்டான். அவனோட எந்தக் குணத்துலேர்ந்து இது மொளச்சுதுன்னு காட்டுங்க பாப்போம். ஜோ சைமனும் ஜாக் கர்பியும், ரெண்டு பேருமே யூதர்கள், அமெரிக்கா போருக்குள்ள எறங்கறதுக்கு முன்னாடியே மொத இதழ் அட்டையில ஹிட்லர் மூஞ்சில குத்த விட்ட ஆளு இவன். அவன் வாயில அந்த வார்த்தைய வைக்கணும்னா காரணம் அவன் உள்ளேர்ந்து வரணும்.

திருப்பாதிரிப்புலியூர்: அப்போ வின்டர் சோல்ஜர்? ஸ்டீவோட கூட்டாளி பக்கி செத்துட்டான்னு 1964லயே ஸ்டான் லீ எழுதியாச்சு, 2005ல எட் ப்ரூபேக்கர் வந்து 'சாவல, ரஷ்யாக்காரங்க எடுத்துனு போய் மூளைய கழுவிட்டாங்க'ன்றாரு. அதுவும் வெளிய இருந்து வந்ததுதான? ஸ்டான் லீ என்ன க்ளூவா வச்சிட்டுப் போனாரு? அத மட்டும் தலையில தூக்கி வச்சு ஆடறீங்க.

நல்லா கேட்டீங்க, இதுக்கு ஒழுங்கா பதில் சொல்லணும். ஸ்டான் லீ க்ளூ வைக்கல, ஒத்துக்கறேன். ஆனா காயம் வச்சிட்டுப் போனாரு. வெடிச்ச விமானத்துலேர்ந்து ஸ்டீவ் பொழச்சான், பக்கி போயிட்டான், 'நான் காப்பாத்தாம விட்டுட்டேன்'ற குத்த உணர்ச்சி நாப்பது வருஷமா அவன் கூடவே வருது, எந்த ரைட்டர் வந்தாலும் வருது. அதே வெடிப்புல இவன் பொழச்சான்னா அவன் ஏன் பொழச்சிருக்கக் கூடாதுன்ற கேள்வியும் அங்கயே கெடந்துச்சு. ப்ரூபேக்கர் அந்தக் காயத்துலதான் கைய வச்சாரு. செத்தவன் திரும்பி வந்தா சந்தோஷம்தான வரணும், இங்க வந்தவன் கொலகாரனா வரான், கொன்னதெல்லாம் ஞாபகம் வந்து துடிக்கறான், ஸ்டீவுக்கு குத்த உணர்ச்சி ரெண்டு மடங்காவுது. ஹைட்ரா கதை எந்தப் பழைய காயத்த தொட்டுச்சு?

நெல்லித்தோப்பு: அண்ணா நடுவுல வரேன். விளைவு இருக்கணும்னு நீங்கதான சொன்னீங்க? 2017 சீக்ரெட் எம்பயர்ல ஹைட்ரா ஸ்டீவ் நாட்டையே புடிச்சான், லாஸ் வேகஸ் அழிஞ்சுது, ஹீரோயின் ப்ளாக் விடோ செத்தா. 2018ல டா-நெஹிசி கோட்ஸ் எழுத வந்தப்ப ஜனங்க நெஜ ஸ்டீவயே நம்ப மாட்றாங்க. தழும்பு இருக்கா இல்லயா?

தழும்பு இருக்கு. கோட்ஸ் எழுதுனது அருமையான கதை, அந்த மூஞ்சியப் பாத்தாலே ஜனங்க பயப்படறாங்க, தான் செய்யாத தப்பு தன் மூஞ்சியில ஒட்டியிருக்குதுன்னு ஸ்டீவ் அல்லாடறான். ஆனா அந்தப் பெருமை கோட்ஸுக்குத்தான் போவணும். சீக்ரெட் எம்பயர் முடிவுல என்ன பண்ணாங்க, கோபிக் மூலமா நெஜ ஸ்டீவ் தனி ஆளா வெளிய வந்து கெட்ட ஸ்டீவ அடிச்சு வீழ்த்திட்டான். கெட்டவன் ஒருத்தன், நல்லவன் ஒருத்தன்னு பிரிச்சாச்சு, நல்லவன் எதுக்குமே பொறுப்பு ஏக்க வேண்டியதில்ல. பக்கி கதையில அந்த வசதி இல்ல, சுட்டதும் அவன் கைதான், அழுவறதும் அவன்தான்.

திருப்பாதிரிப்புலியூர்: பக்கியும் மூளைய கழுவுனதாலதான சுட்டான்? அவனுக்கு மட்டும் பொறுப்பு எங்கேர்ந்து வந்துச்சு?

அவன் அந்த ஒடம்புலயே மாட்டிக்கினு இருக்கான் சார், எல்லாம் அவன் ஞாபகத்துல இருக்குது, தப்பிக்க ரெண்டாவது ஆளு கெடையாது. தன் தப்பு இல்லன்னு தெரிஞ்சும் தூங்க முடியாத ஒருத்தன் கதை அது. 'நான் இல்ல, அவன்'னு கைய காட்ட முடியறவன் கதையும் அதுவும் ஒண்ணாவாது. இதுக்கு மேலயும் உங்களுக்கு ஒத்து வரலன்னா ஸ்பென்சர் எழுதுன முழுத் தொடரையும் படிச்சுட்டு வாங்க, சண்ட போடலாம். படிச்சிருக்கீங்களா, இல்ல அந்தக் கடைசிப் பக்கம் மட்டுமா?

திருப்பாதிரிப்புலியூர்: முழுசும் படிச்சேன். அதனாலதான் கேக்கறேன்.

அப்படின்னா உங்க கருத்துக்கு மரியாதை உண்டு. நான் ஒத்துக்க மாட்டேன், ஆனா மரியாதை உண்டு.

உழவர்கரை: செத்தவங்க திரும்பி வரும்போது...

லாஸ்பேட்டை சார்க்கு சொன்ன பதில மேல படிங்க.

பண்ருட்டி: பேட்மேனோட கூட்டாளிப் பையன் ஜேசன் டாட் ராபின, ஓட்டு போட்டு கொன்னாங்களாமே நெஜமா?

நெஜம். 1988ல டிசி ரெண்டு போன் நம்பர் குடுத்தாங்க, ஒண்ணு பொழைக்க, ஒண்ணு சாவ. சாவட்டும்னு 5343, பொழைக்கட்டும்னு 5271. 72 ஓட்டுல ஒரு பையன் உயிர் போச்சு. ரெண்டு முடிவையும் தயாரா வச்சிருந்தாங்கன்னா எந்த முடிவும் கதைக்கு அவசியம் இல்லன்னுதான அர்த்தம், அதனால அந்த சாவ நியாயம்னு என்னால சொல்ல முடியல. பின்னாடி பல வருஷம் பேட்மேன் அந்தத் துக்கத்த சுமந்ததுதான் அதுக்கு எடை குடுத்துச்சு.

வில்லியனூர்: ஐடென்டிட்டி க்ரைசிஸ்?

டிசி, 2004. ஒரு ஹீரோவோட பொண்டாட்டி ஸூ டிப்னிய யாரோ கொன்னுடறாங்க, கொலகாரி இன்னொரு ஹீரோவோட முன்னாள் பொண்டாட்டி ஜீன் லோரிங்னு சொல்றாங்க, ஏன்னு சொல்ற காரணம் ஒரு கொலைய தாங்காது. ஸூ டிப்னிக்கு அந்தக் கதையில பண்ண கொடுமைய நான் மன்னிக்கவே மாட்டேன்.

காலாப்பட்டு: ஒரு பக்கம் பாத்தேன் சார், பேட்மேன் கையில துப்பாக்கி, இது எந்த...

ஒத்தப் பக்கம். மொதல்லயே சொன்னேன். அந்த இதழ் முழுசா கெடைச்சா படிச்சுட்டு கேளுங்க, சந்தோஷமா பேசறேன்.

முதலியார்பேட்டை அம்மா ஒருத்தர்: தம்பி, நாங்கல்லாம் இரும்புக்கை மாயாவியும் ஸ்பைடரும் படிச்சு வளந்தவங்க. அதுல இந்த மாதிரி திருப்பம் உண்டா?

உண்டும்மா, இந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கினு இருந்தேன். மாயாவி, அதான் லூயி கிராண்டேல், 1962ல பிரிட்டன்ல ஆரம்பிச்சப்ப நல்லவனே இல்ல. கரண்ட் பட்டா ஒடம்பு மறையும், இரும்புக் கை மட்டும் தெரியும், அத வச்சு திருடப் போனவன். அப்புறம்தான் திருந்தி ரகசிய ஏஜென்ட் ஆனான். ஸ்பைடரும் அப்படித்தான், குற்றச் சக்கரவர்த்தி ஆவணும்னு கெளம்புனவன், பின்னாடி குற்றவாளிங்கள அடிக்கற ஆளாயிட்டான். அந்த ஸ்பைடர் கதைங்கள்ல பலத எழுதுனது ஜெர்ரி சீகல், சூப்பர்மேன உருவாக்குன ரெண்டு பேர்ல ஒருத்தர். ஸ்பைடர் மாறுனத நான் முழுசா நம்பறேன்மா, ஏன்னா பக்கம் மாறுனானே தவிர கர்வம் மாறல. நல்லது பண்ணும்போதும் 'என்னை மிஞ்ச எவன் இருக்கான்'ன்ற அதே திமிருதான். கெட்டவனா இருந்தப்ப அவன ஓட்டுன அதே குணம்தான் நல்லவனா ஆனப்பவும் ஓட்டுது, அதனால படிக்கற நமக்கு ஆளே மாறிட்டான்னு தோணாது.

கருவடிக்குப்பம்: இதெல்லாம் எங்க கெடைக்கும்?

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல பழைய புக்கு விரிச்சிருப்பாங்க, காலைல சீக்கிரம் போங்க. தொடரா கெடைக்காது, கெடைச்சத எடுத்துக்கணும்.

பாகூர்: செத்தவன் திரும்பி...

மேல படிங்கன்னு சொல்லிட்டேன்பா.

முத்தியால்பேட்டை தம்பி: கடைசியா ஒண்ணுண்ணா. நீங்க சொல்ற மாதிரி பழைய பக்கத்தோட அர்த்தத்த மாத்தற ஒரே ஒரு கதை, நான் இன்னிக்கே படிக்கணும்னா?

1984, ஸ்வாம்ப் திங் 21வது இதழ், 'உடற்கூறு பாடம்'னு அர்த்தம் வர்ற தலைப்பு, ஆலன் மூர் எழுதுனது. அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா அந்தச் சதுப்பு மனுஷன் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் அலையறான், நான் திரும்ப அலெக் ஹாலண்ட்ன்ற மனுஷனா ஆவணும். இந்த இதழ்ல ஒருத்தன் அவன அறுத்துப் பாக்கறான், உள்ள நுரையீரல் மாதிரி இருக்குது ஆனா மூச்சு விடாது, மூளை மாதிரி இருக்குது ஆனா யோசிக்காது. அலெக் எப்பவோ செத்துட்டான், அவன் நெனப்ப உறிஞ்சிக்கின செடி, தன்னையே அலெக்னு நம்பிக்கினு திரியுது. திரும்பிப் போறதுக்கு ஒரு மனுஷனே இல்ல. பழைய இதழ் எதையும் பொய்யின்னு சொல்லல, ஒரு வரியயும் அழிக்கல, ஆனா அவன் 'நான் குணமாவணும்'னு சொன்ன ஒவ்வொரு பக்கமும் இப்ப வேற மாதிரி வலிக்கும். 20வது இதழ்லேர்ந்து ஆரம்பி, மூர் கைக்கு தொடர் வந்தது அங்கதான். படிச்சுட்டு 22, 23வது இதழையும் விடாத, உண்மை தெரிஞ்சப்புறம் அவன் என்ன ஆவுறான்னு அதுலதான் இருக்குது.