மஞ்சள் கப் விமானம் வாங்கும் முன் ஸ்ட்ரட்டைப் பாருங்கள்

'செஸ்னா 172 விமானத்தில் பழகி உரிமம் எடுத்தவன் நான். ஓஹியோவில் 1946-ஆம் வருட பைப்பர் ஜே-3 கப் (துணி போர்த்திய குட்டி விமானம்) ஒன்று விலைக்கு வருகிறது. புது பெயின்ட், எஞ்சினையும் பிரித்துச் சரிசெய்தாகிவிட்டது என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?' என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பெயின்டை விடுங்கள். இறக்கைக்கும் உடலின் அடிப்பகுதிக்கும் இடையே சாய்வாகப் போகும் எஃகுக் குழாய்கள் இருக்கின்றனவே, லிப்ட் ஸ்ட்ரட், முதலில் அவற்றைப் பாருங்கள். பறக்கும்போது இறக்கை மேலே மடங்காமல் இழுத்துப் பிடித்திருப்பவை அவைதான். கீழ்முனை வழியாக ஈரம் உள்ளே இறங்கித் தேங்கி, குழாயை உள்ளிருந்தே துரு தின்னும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் பழைய வகை ஸ்ட்ரட்டை 24 மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க விமானத் துறை (எஃப்ஏஏ) உத்தரவே போட்டிருக்கிறது. முழுக்க அடைத்து மூடிய புதுவகை மாட்டியிருந்தால் குழாய்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. எதுவானாலும் பதிவேட்டில் இருக்கிறதா பாருங்கள்; எழுத்தில் இல்லாத சோதனை நடக்கவே இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் துணி. உறைத்துணி எந்த வருடம் போர்த்தியது, அப்போது உள்ளே என்னென்ன பழுது பார்த்தார்கள் என்று கேளுங்கள். 1938 முதல் 1947 வரை பென்சில்வேனியாவின் லாக் ஹேவனில் ஏறத்தாழ 20,000 கப்கள் செய்தார்கள், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய, அமெரிக்க அரசின் சிவிலியன் பைலட் பயிற்சித் திட்டத்து மாணவர்களில் பெரும்பாலோர் பழகியது இதில்தான். உங்களுடையது போருக்குப் பிந்தையது என்றாலும், தரையில் சுழன்று இறக்கை நுனி மோதாத கப் அபூர்வம். அந்த அடியில் ஸ்பாரில் (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முதன்மைத் தண்டு) விழுந்த விரிசலைத் துணி அழகாக மறைத்துவிடும்.

எஞ்சின் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. 65 குதிரைத்திறன் கான்டினென்டல், எளிமையானது, தெரிந்த மெக்கானிக் நிறைய.

ஆனால் 172 பழக்கம் இங்கே உதவாது. தனியாகப் பறந்தால் பின் சீட்டில்தான் உட்கார வேண்டும், தரையில் முன்னால் எதுவும் தெரியாது. ஸ்டார்ட்டர் கிடையாது, புரொப்பல்லரைக் கையால்தான் சுற்றணும். வாலைக் கட்டிவைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, தெரிந்தவர் ஒருவரை உள்ளே உட்காரவைக்காமல் அதைத் தொடாதீர்கள். இது மாதிரி வால்சக்கர விமானத்துக்குப் பயிற்றுநரின் தனி ஒப்புதலும் வேண்டும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், துணி விமானங்களில் கைதேர்ந்த மெக்கானிக்கை நீங்களே கூட்டிப்போங்கள், விற்பவர் காட்டும் ஆள் வேண்டாம்.