வயலைக் கொடுத்துடாதீங்க அண்ணாச்சி

அம்பாசமுத்திரத்திலிருந்து மகளோடு வந்திருந்தீர்கள். "நீட்டுல வரல. இன்னொரு வருசம் கோச்சிங் போடச் சொல்லி மச்சான் நெருக்குதாரு, அரை ஏக்கரைக் கொடுத்துடலாமா?" என்று கேட்டீர்கள். பதறாதீங்க, பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தேன். பார்த்துவிட்டேன். கொடுக்காதீர்கள். வயல் உங்களுடையது, மச்சானுடையது இல்லை.

மகள் சைக்காலஜி படிக்கிறேன் என்றதும் "கிறுக்கு வைத்தியமா?" என்று வீட்டில் சிரித்தார்களாம். நீங்கள் வெளியே உட்கார்ந்திருந்தபோது பிள்ளை என்னிடம் கேட்டது இது: "ஒரு கிலோ அரிசிப் பையில கால் கிலோ கூடுனா கைக்குத் தெரியுது. நம்ம கடை 25 கிலோ சிப்பத்துல அதே கால் கிலோ கூடுனா தெரியலையே, ஏன் சார்?"

ஜெர்மனியில் உடலியல் அறிஞர் எர்ன்ஸ்ட் வேபர் 1834-இல் எழுதியதும் இதைப் பற்றித்தான். கையில் இருக்கும் எடைக்கு ஏற்ற விகிதத்தில் கூடினால்தான் வித்தியாசம் தெரியும். மனதைக் கணக்குக்குள் கொண்டுவர முடியாது, அதனால் உளவியல் முறையான அறிவியலாகாது என்று 1786-இல் தத்துவஞானி கான்ட் சொல்லியிருந்தார். வேபரின் விகிதத்தை வைத்தே 1860-இல் ஃபெக்னர் உணர்வுக்குச் சூத்திரம் போட்டார். 1879-இல் லைப்சிக்கில் வுண்ட் உளவியல் ஆய்வகம் திறந்தார். உங்கள் மகள் அந்த வரிசையில் நிற்கிற ஆள்.

மருத்துவம், இன்ஜினியரிங் பற்றி ஊரே சொல்லும், நான் விடுகிறேன். யாரும் சொல்லாதது காக்னிட்டிவ் சயின்ஸ், மனம் எப்படி அறிகிறது, நினைக்கிறது என்று ஆராயும் அறிவியல். பி.எஸ்ஸி. சைக்காலஜியோடு புள்ளியியலை ஒழுங்காகப் படித்துவிட்டு, காந்திநகர் ஐ.ஐ.டி., ஹைதராபாத், அலகாபாத் பல்கலைக்கழகங்களில் முதுகலைக்கு முயலலாம். திரையில் எழுத்து தோன்றியதும் விரல் பொத்தானை அழுத்த எத்தனை மில்லி விநாடி, படிக்கும்போது கண் எந்தச் சொல்லில் தயங்குகிறது என்றெல்லாம் அங்கே அளப்பார்கள். நான் பார்க்கும் சிவப்பும் நீங்கள் பார்க்கும் சிவப்பும் ஒன்றுதானா என்ற தத்துவக் கேள்வியும் பாடத்தில் வரும். தத்துவம் சோறு போடுமா என்கிறீர்களா? நம்ம ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு வைத்திருப்பதே மனோன்மணியம் சுந்தரனார் என்ற ஒரு தத்துவப் பேராசிரியரின் பெயர்தான்.

உடனே சம்பளம் வராது. ஐந்து வருடம் பொறுக்க வேண்டும். சிகிச்சைப் பக்கம் போக நினைத்தால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு கட்டாயம். அஞ்சல் வழி சைக்காலஜி என்று யாராவது பணம் கேட்டால் பத்துப் பைசா கட்டாதீர்கள். 2025 ஜூலை முதல் அதில் புதிய சேர்க்கையை யு.ஜி.சி. நிறுத்தச் சொல்லிவிட்டது. கல்லூரியில் சேர்க்குமுன் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பூட்டுத் துருப்பிடித்திருந்தால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.

மச்சான் நம்பரை அனுப்புங்கள். அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.