விடியற்காலைச் சர்க்கரையும் குறட்டையும்

காலைச் சர்க்கரை, மறதி, இனிப்பு ஆசை இவற்றைச் சொல்லி, ‘மூளை அழுகல்’ பற்றிய ஒரு காணொளியைப் பார்த்துப் பயந்து எழுதியிருக்கிறீர்கள். மூளையில் கட்டியோ தீராத சேதமோ இருக்குமோ என்பதே உங்கள் கடிதத்தின் உண்மையான அச்சம். நீங்கள் எழுதியுள்ள எதுவும் அதைக் காட்டவில்லை, எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

இரவு 8 மணிக்குமேல் எதுவும் உண்ணாமல் படுத்தும், காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 118 இருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இரவில் இரத்தத்துக்குச் சர்க்கரையை வழங்குவது பெரும்பாலும் கல்லீரல். அதை நரம்புகள் வழியாக மூளையும் ஆட்டுவிக்கிறது என்பது, பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார்டு முயலின் மூளையடியில் ஊசியால் குத்தி அதன் சிறுநீரில் சர்க்கரையை வரவழைத்துக் காட்டிய 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே தெரிந்த செய்தி. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டினும் கணையம் சுரக்கும் இன்சுலினும், ‘இருப்பு போதும்’ என்று மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதிக்குத் தெரிவிக்கின்றன. உடற்பருமனில் இவ்விரண்டும் இரத்தத்தில் மிகுந்திருந்தும் அச்செய்தி அங்கே உரியபடி உறைப்பதில்லை, அதனால் பசியும் எளிதில் அடங்குவதில்லை, கல்லீரலும் சர்க்கரையை வெளிவிடுவதைக் குறைத்துக்கொள்வதில்லை. நீங்கள் பார்த்த காணொளி இதைத்தான் ‘மூளை அழுகல்’ என்று பெயர்சூட்டி விற்கிறது.

கைபேசியை வைத்த இடம் மறப்பதும், மாலையில் இனிப்புக்கு மனம் அலைவதும் நோய்க்குறிகள் அல்ல. என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது, கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரே வரி: குறட்டைக்கு நடுவே உங்கள் மூச்சு நின்றுவிடுவதாக மனைவி சொல்கிறார், பகலில் சிக்னலில் வண்டியை நிறுத்தினால்கூடக் கண் சொருகுகிறது. இது உறக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு தடைப்படும் நோயாக இருக்கலாம். மூச்சு நிற்கும் ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் குறைய, மூளை அபாயமணி அடித்து உங்களை அரைகுறையாக எழுப்புகிறது. அட்ரினலின் பாய்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, கல்லீரல் சர்க்கரையைத் திறந்துவிடுகிறது. இது ஓரிரவில் நூறு முறைக்குமேல்கூட நடக்கலாம்.

இந்த நிலையில், ‘ஆழ்ந்து உறங்க’ மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் தூக்க மாத்திரை, தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தி மூளையின் அந்த அபாயமணியையும் மந்தமாக்கக்கூடும். எப்போதாவது போடுபவரென்றால் இன்றே விட்டுவிடுங்கள். தினமும் போடுபவரென்றால் திடீரென நிறுத்தாமல் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாகக் குறையுங்கள். தந்தையிடமிருந்து வாங்கிப் போட்டுக்கொள்ளும் நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மினையும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் உங்கள் ஹெச்பிஏ1சி 6.1 என்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை, உங்களுக்கு அம்மருந்து வேண்டுமா என்பதைச் சிறுநீரகச் செயல்பாட்டையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும்.

நுரையீரல் மருத்துவரிடம் சென்று உறக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நோய் உறுதியானால் இரவில் மூக்கில் பொருத்தும் சீபேப் கருவி மூச்சுப்பாதையைத் திறந்து வைத்திருக்கும். ஆனால் சர்க்கரையை அது மட்டுமே சீராக்கிவிடும் என்று எண்ண வேண்டாம், 94 கிலோவில் 5, 6 கிலோ குறைத்தாலே இன்சுலின் இன்னும் நன்றாக வேலை செய்யத் தொடங்கும். பரிசோதனை முடிந்து சிகிச்சை தொடங்கும்வரை வண்டி ஓட்டாதீர்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள், உங்கள் மூச்சு நின்றதைப் பார்த்தவர் அவர்தான்.